ஏ.டி.எம். வாசலில் சிக்கலா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஏ.டி.எம். மெஷினில் கார்டைச் செருகி, ரகசிய எண்ணை அழுத்தி, தொகையைக் குறிப்பிட்ட பிறகு பணம் கைக்கு வரும் அந்த அரை நிமிடத்திற்குள் ஒரு செய்தி நெடுந்தூரம் போய்த் திரும்புகிறது. உங்கள் கார்டைக் கொடுத்தது ஒரு வங்கி. நீங்கள் நிற்கும் மெஷினை நடத்துவது வேறொரு வங்கியாக இருக்கலாம். அப்போது மெஷின் கேட்கும் அனுமதி, மெஷின்கார வங்கியின் கணினிக்குப் போய், அங்கிருந்து இந்திய தேசியப் பணப்பரிமாற்றக் கழகமான என்.பி.சி.ஐ. நடத்தும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்விட்ச் என்ற பொது இணைப்பின் வழியாக உங்கள் வங்கியை அடைகிறது. உங்கள் வங்கி ரகசிய எண்ணையும் இருப்பையும் சரிபார்த்து, தொகையை முதலில் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, அதன் பிறகே "கொடுக்கலாம்" என்று பதில் அனுப்புகிறது. நோட்டுகள் எண்ணப்படுவதும் வெளியே தள்ளப்படுவதும் அதற்கும் பின்னால்தான். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்தக் கோளாறு எந்தக் கட்டத்தில் நேர்ந்தது, அதற்கு யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

வங்கிக் கிளையின் வாடிக்கையாளர் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில், அந்த மேசைக்கு அடிக்கடி வந்த சிக்கல்களையே இங்கே எழுதுகிறேன். விதிகள் அனைத்தும் இந்தியாவில் உள்ள வங்கிகளுக்கானவை.

எந்தச் சிக்கலானாலும் முதல் ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டியது

மெஷினை விட்டு நகர்வதற்கு முன் மூன்று விவரங்களைக் கைப்பற்றுங்கள். முதலாவது மெஷினின் அடையாள எண்; இது துண்டுச் சீட்டில் இருக்கும், சீட்டு வராவிட்டால் மெஷினின் முகப்பிலோ அறையின் சுவரிலோ ஒட்டியிருக்கும். இரண்டாவது, நிமிடம் வரைக்குமான நேரம். மூன்றாவது, சீட்டில் அச்சாகும் பரிவர்த்தனைக் குறிப்பு எண். திரையில் ஏதேனும் பிழைச் செய்தி தெரிந்தால் அதையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ரகசிய எண்ணை அழுத்தும் நேரத்தில் போனைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

துண்டுச் சீட்டை உடனே படம் எடுத்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை ஒரு பெரியவர், பத்தாயிரம் ரூபாய் வராமல் போன சீட்டைத் தொலைத்துவிடக் கூடாதே என்று பாஸ்புக்கின் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகச் செருகி வைத்திருந்தார். மூன்று வாரம் கழித்து மேசைமேல் அதை விரித்தபோது வெறும் வெள்ளைத் தாள்தான் இருந்தது. சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது தேதியின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. அது மையால் அச்சடித்த தாள் அன்று, வெப்பத்தால் எழுத்து தோன்றும் தாள். வெயிலும் வியர்வையும் மட்டுமின்றி, பாஸ்புக் உறையின் பிளாஸ்டிக்கில் உள்ள ரசாயனமும் அந்த எழுத்தை அழித்துவிடும். கணக்கிலிருந்த பதிவை வைத்து அவருக்குப் பணத்தைத் திரும்பப் பெற்றுத் தந்தோம் என்றாலும், ஒரு படம் இருந்திருந்தால் அவர் மூன்று முறை பேருந்து ஏறி வந்திருக்க வேண்டியதில்லை.

அறிகுறி: பணம் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது

இதுதான் மக்களை மிகவும் பதறவைக்கும் சிக்கல். விதிகள் வாடிக்கையாளர் பக்கம் மிக உறுதியாக நிற்பதும் இதில்தான்.

மெஷினின் மேல்பகுதியில் ஒரு கணினியும் கீழ்ப்பகுதியில் ஓர் இரும்புப் பெட்டகமும் இருக்கின்றன. பெட்டகத்துக்குள் ஒவ்வொரு மதிப்புள்ள நோட்டுக்கும் தனித்தனிப் பணப்பெட்டிகள் உண்டு. அனுமதி வந்ததும் ரப்பர் உருளைகள் நோட்டுகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்கின்றன. உள்ளேயிருந்து கேட்கும் அந்தக் கரகரப்புச் சத்தம் அதுதான். ஓர் உணர்கருவி ஒவ்வொரு நோட்டின் கனத்தையும் அளக்கிறது. இரண்டு நோட்டுகள் ஒட்டிக்கொண்டு வந்தாலோ, ஒரு நோட்டு மடிந்து வந்தாலோ, அவற்றைத் தள்ளுபடிப் பெட்டிக்குள் ஒதுக்கிவிட்டு வேறு நோட்டை எடுக்கிறது. வழியில் நோட்டு சிக்கிக்கொண்டால் அல்லது வெளிவாசலின் கதவு திறக்காவிட்டால், மெஷின் அந்தப் பரிவர்த்தனையைக் கைவிட்டு, "பணம் தரப்படவில்லை, கழித்ததைத் திரும்ப வரவு வையுங்கள்" என்ற செய்தியை உங்கள் வங்கிக்கு அனுப்புகிறது. பெரும்பாலான நேரங்களில் அந்தச் செய்தி சில நிமிடங்களில் போய்ச் சேர்ந்து, கழிந்த தொகை தானாகத் திரும்பிவிடும். மின்சாரமோ இணைய இணைப்போ சரியாக அந்த நொடியில் அறுந்தால்தான் செய்தி போகாது. உங்கள் வங்கியின் கணக்குப்படி பணம் கொடுக்கப்பட்டதாகவே நிற்கும்.

ஆகையால் முதலில் ஓரிரு நிமிடம் மெஷின் அருகிலேயே பொறுத்திருங்கள். சில மெஷின்களில் பணம் தாமதமாக வெளியே வருவதுண்டு; நீங்கள் நகர்ந்த பிறகு வரும் பணம் அடுத்தவர் கைக்குப் போய்விடும். வெளிவாசலில் ஏதேனும் பட்டையோ தகடோ ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்; நோட்டுகள் வெளியே தெரியாதபடி அடைத்துவைத்து, நீங்கள் போன பிறகு எடுத்துக்கொள்ளும் திருட்டும் நடக்கிறது. உடனே அதே மெஷினில் இரண்டாம் முறை முயல வேண்டாம். ஒரு சிக்கல் இரண்டாகிவிடும்.

அடுத்து, புகாரை யாரிடம் கொடுப்பது? மெஷின் எந்த வங்கியுடையது என்பது இங்கே பொருட்டில்லை. உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கியிடம்தான் புகார் கொடுக்க வேண்டும். மற்ற வங்கியிடம் பேசித் தீர்ப்பது அவர்கள் பொறுப்பு. மெஷின் இருக்கும் கிளைக்குள் போய் வரிசையில் நின்று, "உங்கள் வங்கியில் கேளுங்கள்" என்ற பதிலோடு பலர் திரும்பி வருவது இது தெரியாததால்தான். வங்கியின் செயலியிலோ, இணையதளத்திலோ, கிளையில் எழுத்து மூலமாகவோ புகாரைப் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை நான் புகாராகவே கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன், நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காலக்கெடு என்ன? ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பணம் வராமல் கழிந்த தொகையை, பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே திரும்ப வரவு வைத்தாக வேண்டும். இவை வேலை நாட்கள் அல்ல, நாட்காட்டி நாட்கள். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்கள் கணக்கில் சேர வேண்டும். அந்த இழப்பீட்டை நீங்கள் கேட்காமலேயே தர வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் உள்ளது. மூன்றாம் தேதி பணம் கழிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் தேதிக்குள் திரும்பியிருக்க வேண்டும். பதினான்காம் தேதிதான் வந்தது என்றால் ஆறு நாள் தாமதம், 600 ரூபாய் இழப்பீடு. அசல் தொகை வந்துவிட்ட நிம்மதியில் இந்த 600 ரூபாயைப் பலரும் கவனிப்பதேயில்லை. பாஸ்புக்கை அச்சிட்டுப் பாருங்கள். வந்திருக்காவிட்டால், சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டு இரண்டு வரிக் கடிதம் கொடுங்கள்.

"விசாரித்தோம், பரிவர்த்தனை வெற்றிகரமானது, பணம் தரப்பட்டுள்ளது" என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிட வேண்டியதில்லை. மெஷின் தன் ஒவ்வொரு அசைவையும் மின்னணுப் பதிவேட்டில் எழுதிவைக்கிறது. பணம் நிரப்ப வருபவர்கள், பெட்டியில் இருக்க வேண்டிய தொகையையும் உண்மையில் இருக்கும் தொகையையும் ஒப்பிட்டுக் கணக்கு முடிக்கிறார்கள். உங்களுக்கு வராத பணம் அங்கே உபரியாக வெளிப்பட வேண்டும். கேமராப் பதிவும் இருக்கிறது. எனவே அந்த மறுப்புக்கு மறுமொழியாக, மின்னணுப் பதிவேட்டின் அந்த நிமிடத்துப் பகுதி, அந்த நாளின் பணக் கணக்கு முடிப்பு அறிக்கை, கேமராக் காட்சி ஆகிய மூன்றையும் பார்த்து முடிவு சொல்லுமாறு எழுத்தில் கேளுங்கள். கேமராப் பதிவுகளை எந்த வங்கியும் காலகாலத்துக்கும் வைத்திருப்பதில்லை; ஆகவே இந்தக் கோரிக்கையை முதல் வாரத்திலேயே, முதல் புகாரிலேயே எழுதிவிடுவது நல்லது.

கேட்டதைவிடக் குறைவாகப் பணம் வந்தாலும் வழி இதுவேதான். ஆனால் அதை நிரூபிப்பது கடினம் என்பதால், பணத்தை வெளியே கொண்டுபோய் எண்ணாமல், கேமரா பார்க்கும்படி மெஷின் முன்னாலேயே எண்ணும் பழக்கம் வேண்டும்.

அறிகுறி: கார்டு உள்ளே மாட்டிக்கொண்டது

மெஷின்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று கார்டை முழுவதும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மற்றதில் கார்டின் வால் வெளியே தெரியும். இரண்டாம் வகையில், சில்லுள்ள கார்டை மெஷின் கவ்விப் பிடித்துக்கொண்டு, வேலை முடிந்த பிறகே விடும். பழைய காந்தப்பட்டைக் கார்டைச் செருகி உடனே உருவிய பழக்கத்தில் இப்போதும் சிலர் இழுக்கிறார்கள்; அது சிக்கல் அன்று, மெஷின் படிக்கும் நேரம். பலவந்தமாக இழுத்தால் சில்லுதான் கீறலாகும்.

உண்மையாகவே சிக்கிவிட்டால், ரத்து விசையை அழுத்திச் சற்றுப் பொறுங்கள். அப்போதும் வராவிட்டால், அந்த இடத்திலிருந்தே கார்டை முடக்கிவிட வேண்டும். இங்கே ஒரு நடைமுறை இடைஞ்சல் உண்டு: வங்கியின் உதவி எண் கார்டின் பின்புறத்தில்தான் அச்சாகியிருக்கும், கார்டோ உள்ளே இருக்கும். ஆகவே அந்த எண்ணை இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள். அறைச் சுவரில் ஒட்டிய துண்டுக் காகிதத்தில் உள்ள எண்ணையோ, இணையத்தில் தேடியவுடன் முதலில் வரும் எண்ணையோ அழைக்காதீர்கள். மோசடிக்காரர்கள் காத்திருக்கும் இடங்கள் அவை. வங்கியின் செயலி இருந்தால் அதிலேயே முடக்கிவிடலாம். வேறு வங்கியின் மெஷினில் சிக்கிய கார்டுக்காக அலைவதைவிடப் புதிய கார்டுக்கு விண்ணப்பிப்பதே விரைவான வழி.

"ரகசிய எண்ணை இன்னொரு முறை போட்டால் வந்துவிடும் அம்மா" என்று அருகில் ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு கனிவாகப் பேசினாலும் கேட்காதீர்கள். கார்டு வாயில் தானே ஏதோ ஒன்றைச் செருகி அடைத்துவிட்டு, உங்கள் எண்ணைப் பார்த்துக்கொண்டு, நீங்கள் போன பிறகு கார்டை உருவிக்கொள்பவராக அவர் இருக்கலாம்.

அறிகுறி: ரகசிய எண் தவறு என்று வருகிறது

ரகசிய எண் கார்டின் காந்தப்பட்டையில் எழுதப்பட்டிருக்காது. நீங்கள் அழுத்திய நொடியில் விசைப்பலகைக்குள்ளேயே அது மறைகுறியாக மாற்றப்பட்டு, உங்கள் வங்கிக்குப் போய்ச் சரிபார்க்கப்படுகிறது. தவறான முயற்சிகளின் எண்ணிக்கையும் வங்கியில்தான் ஏறுகிறது. ஆகவே மெஷினை மாற்றிப் பயனில்லை. பொதுவாக மூன்று முறை தவறினால் அன்றைக்குக் கார்டு பூட்டப்படும். இரண்டு முறை தவறியதுமே நிறுத்திவிடுங்கள்.

எண்ணில் ஐயமே இல்லை என்றால் விசைகளைக் கவனியுங்கள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் திரையில் ஒரு நட்சத்திரக் குறி தோன்ற வேண்டும். தேய்ந்த விசை ஒரு முறைக்கு இரண்டு குறிகளைக் காட்டும், அல்லது காட்டாமலே போகும். அப்படிப்பட்ட மெஷினைத் தவிர்த்து வேறொன்றுக்குப் போங்கள். எண் மறந்துதான் போயிற்று என்றால், உங்கள் வங்கியின் மெஷினில் கார்டைச் செருகி, பதிவான கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு புதிய எண்ணை அமைத்துக்கொள்ளலாம்.

ரத்து விசையை இரண்டு முறை அழுத்தினால் எண் திருடு போகாது என்றும், எண்ணைத் தலைகீழாக அழுத்தினால் காவல்துறை வந்துவிடும் என்றும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் இரண்டும் பொய். 1221 என்று எண் வைத்திருப்பவர் தலைகீழாக எதை அழுத்துவார் என்று யோசித்தாலே இரண்டாவதன் குட்டு வெளிப்பட்டுவிடும். கையால் விசைப்பலகையை மூடிக்கொள்வதுதான் உண்மையில் பயன் தருவது.

அறிகுறி: இருப்பு இருக்கிறது, மெஷின் தர மறுக்கிறது

சீட்டில் இரண்டு இலக்கப் பதில் எண் அச்சாகியிருந்தால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. 51 என்றால் கணக்கில் போதிய இருப்பு இல்லை. 54 என்றால் கார்டின் காலம் முடிந்துவிட்டது. 55 ரகசிய எண் தவறு. 75 அந்தத் தவறு வரம்பைத் தாண்டிவிட்டது. 61 என்றால் ஒரு நாளைக்கு எடுக்கக்கூடிய தொகையின் வரம்பைத் தாண்டுகிறீர்கள். 91 என்றால் குறை உங்களுடையது அன்று; உங்கள் வங்கியின் கணினியோ இடையிலுள்ள இணைப்போ பதில் தரவில்லை, அரை மணி கழித்து முயல வேண்டியதுதான். பாஸ்புக்கில் தெரியும் இருப்பில் ஒரு பகுதியை வங்கி ஏதேனும் காரணத்துக்காக நிறுத்தி வைத்திருந்தாலும் 51 வரும்; "எடுக்கத்தக்க இருப்பு எவ்வளவு" என்று கிளையில் கேளுங்கள்.

எண் எதுவும் இல்லையென்றால் தொகையைக் குறைத்துப் பாருங்கள். மெஷினில் 500 ரூபாய் நோட்டுகள் மட்டும் மிஞ்சியிருக்கும்போது 700 ரூபாய் கேட்டால் தர வழியில்லை. 100 அல்லது 200 ரூபாய் நோட்டுகளைக் குறைந்தது ஒரு பெட்டியிலாவது வைக்க வேண்டும் என்றும், 2025 செப்டம்பர் 30-க்குள் 75 விழுக்காடு மெஷின்களிலும் 2026 மார்ச் 31-க்குள் 90 விழுக்காடு மெஷின்களிலும் இது நடைமுறைக்கு வர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி காலக்கெடு விதித்தது. சிறு தொகை எடுப்பவர்களுக்கு இது பெரிய நன்மை.

பாரத ஸ்டேட் வங்கியின் கார்டைக் கொண்டு அதே வங்கியின் மெஷினில் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுக்க, பதிவான கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் வேண்டும், 2020 செப்டம்பர் 18 முதல் இது நாள் முழுவதும் பொருந்துகிறது. அப்பாவின் கார்டோடு வரும் மகன், கைப்பேசி வீட்டில் இருப்பதால் திரும்பிப் போவது இதனால்தான். கைப்பேசி எண் மாறியிருந்தால் கிளையில் அதைப் புதுப்பிப்பதே முதல் வேலை.

அறிகுறி: புதிய கார்டு மெஷினில் வேலை செய்கிறது, இணையத்தில் செய்யவில்லை

கார்டில் பழுது இல்லை. 2020-இல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய கார்டு உள்நாட்டு ஏ.டி.எம்.களிலும் கடைகளின் ஸ்வைப் மெஷின்களிலும் மட்டுமே இயங்கும்படி தரப்படுகிறது. இணையக் கொள்முதல், தொடாமல் தட்டிச் செலுத்துதல், வெளிநாட்டுப் பயன்பாடு ஆகியவற்றைச் செயலியிலோ மெஷினிலோ கிளையிலோ நீங்களாகத் திறந்துகொள்ள வேண்டும். தேவையானதை மட்டும் திறந்து, வரம்பையும் குறைத்து வையுங்கள்.

அறிகுறி: காரணம் தெரியாமல் இருபது முப்பது ரூபாய் கழிகிறது

மாதத்தில் உங்கள் வங்கியின் மெஷினில் ஐந்து முறையும், பிற வங்கிகளின் மெஷினில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மூன்று முறையும், மற்ற ஊர்களில் ஐந்து முறையும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் அதிகபட்சம் 23 ரூபாயும் வரியும் என்பது 2025 மே 1 முதல் உள்ள உச்சவரம்பு. பிற வங்கி மெஷினில் இருப்பைப் பார்ப்பதும் ஒரு முறையாக எண்ணப்படும் என்பதுதான் பலர் அறியாதது.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் பெறுகிறவர்களை நினைத்தே இதை விரிவாகச் சொல்கிறேன். பணம் வந்துவிட்டதா என்று அறியப் பக்கத்துத் தெரு மெஷினில் நாலைந்து முறை இருப்பைப் பார்த்துவிட்டு, கடைசியில் பணம் எடுக்கும்போது கட்டணம் கழிந்ததைக் கண்டு வருந்தும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வங்கியின் தவறிய அழைப்பு எண்ணை ஒருமுறை அழைத்தால் இருப்பு எஸ்.எம்.எஸ்.ஸில் வந்துவிடும், செலவில்லை. உங்கள் சொந்த வங்கியின் மெஷினில் இருப்பைப் பார்ப்பதும் இலவச எண்ணிக்கையில் சேராது.

இன்னொன்று: மெஷின் கோளாறு, தொடர்புக் கோளாறு, மெஷினில் பணமில்லாமை, தவறான ரகசிய எண் ஆகியவற்றால் தோற்ற முயற்சிகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2019 ஆகஸ்ட் 14 அன்று ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியிருக்கிறது. அவற்றுக்குக் கட்டணம் கழித்திருந்தால் தேதியோடு எழுதிக் கேளுங்கள். கணக்கில் இருப்பு போதாமல் தோற்ற முயற்சிக்குச் சில வங்கிகள் தனிக் கட்டணம் வசூலிக்கின்றன, அது வேறு.

அறிகுறி: கடையில் கார்டைத் தேய்த்தேன், பணம் போயிற்று, கடைக்காரருக்கு வரவில்லை

கடைக்காரரின் மெஷினில் "தோல்வி" என்ற சீட்டு வந்திருந்தால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏ.டி.எம்.முக்குச் சொன்ன அதே ஐந்து நாள் கெடுவும் 100 ரூபாய் இழப்பீடும் இதற்கும் பொருந்தும். சீட்டு கையில் இல்லாமல் இரண்டாம் முறை செலுத்தாதீர்கள்.

அறிகுறி: நான் எடுக்காத பணம் கழிந்திருக்கிறது

இங்கே மணிக்கணக்கில் அவசரம் உண்டு. எஸ்.எம்.எஸ். கண்ணில் பட்டதும் கார்டை முடக்குங்கள், வங்கியில் புகாரைப் பதியுங்கள், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்துச் சொல்லுங்கள். இந்த வரிசையில், இடையில் யாரிடமும் யோசனை கேட்டுக் காலம் கடத்தாமல் செய்யுங்கள்.

2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை இழப்பை யார் தாங்குவது என்று வரையறுத்தது. வங்கியின் கவனக்குறைவால் நேர்ந்தால், நீங்கள் எப்போது தெரிவித்தாலும் உங்களுக்கு இழப்பில்லை. வங்கியும் நீங்களும் தவறு செய்யாமல் இடையில் எங்கோ கசிவு ஏற்பட்டிருந்தால், அறிவிப்பு வந்த நாளை விட்டுவிட்டு எண்ணும் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு சுழியம். நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு உச்சமாக 10,000 ரூபாய், குறைந்தபட்ச இருப்பு கட்டாயமில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய். ரகசிய எண்ணை நீங்களே பகிர்ந்திருந்தால், புகார் கொடுக்கும் வரை நேர்ந்த இழப்பு உங்களுடையது. ஆனால் புகார் கொடுத்த நிமிடத்துக்குப் பிறகு நேர்வது வங்கியுடையது. எனவே தவறு உங்களுடையதாகவே இருந்தாலும் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே சொல்வது பணத்தைக் காக்கும். தெரிவித்த பத்து வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கவும், 90 நாட்களுக்குள் புகாரை முடிக்கவும் அந்தச் சுற்றறிக்கை வங்கியைக் கட்டுப்படுத்தியது.

கிளையில் நான் மிகுதியாகக் கண்டது கார்டு மாற்றும் திருட்டு. ஓர் அம்மா திணறுவதைப் பார்த்து ஓர் இளைஞர் உதவிக்கு வருவார். எண்ணை அவர் கண்ணெதிரே அழுத்துவார்கள். பணமும் கார்டும் திரும்பிவரும், ஆனால் திரும்பியது அதே நிறத்தில் உள்ள வேறொருவரின் செத்துப்போன கார்டு. எங்களிடம் வந்த ஓர் அம்மாவின் சுருக்குப்பையிலிருந்து கார்டை வாங்கிப் பார்த்தபோது அதில் ஓர் ஆணின் பெயர் இருந்தது; அதுவரை எட்டு நாட்களாக அவர் அதைத் தன்னுடையது என்றே வைத்திருந்தார். கார்டின் மூலையில் நிலையான மையால் ஒரு கோடோ புள்ளியோ இட்டு வைத்தால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் கார்டை உடனே அடையாளம் காணலாம்.

அறிகுறி: கிழிந்த நோட்டு அல்லது கள்ள நோட்டு வந்தது

கிழிந்த, அழுக்கடைந்த நோட்டை எந்த வங்கிக் கிளையிலும் மாற்றிக்கொள்ளலாம். கள்ள நோட்டு என்று ஐயம் வந்தால், அறையை விட்டு வெளியேறாமல் அதன் இரண்டு பக்கங்களையும் கேமராவுக்குக் காட்டி, காவலாளி இருந்தால் அவருடைய பதிவேட்டில் நோட்டின் எண்ணை எழுதச் செய்து, சீட்டோடு மெஷினை நடத்தும் வங்கிக்குச் செல்லுங்கள். ஏ.டி.எம். வழியாகக் கள்ள நோட்டு வெளிவருவதை, அந்த வங்கியே அதைப் புழக்கத்தில் விட முயன்றதாகக் கருத வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நிலை. ஆகையால் நீங்கள் குற்றவாளியைப் போலத் தயங்க வேண்டியதில்லை. வெளியே போய்க் கடையில் மாற்ற முயன்றால் மட்டும் நீங்களே சிக்கலுக்குள் விழுவீர்கள்.

அறிகுறி: புகார் கொடுத்தும் பதில் இல்லை

வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களாகியும் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் நியாயமாகப் படவில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதியலாம். ஐயங்களுக்கு 14448 என்ற எண் உண்டு. இணையம் பழகாதவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் பெறும் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். அந்த மையம் எந்த மொழியில் எழுதிய புகாரையும் ஏற்கும் என்பதால், தமிழிலேயே எழுதுங்கள். கடிதத்தில் கணக்கு விவரம், மெஷின் எண், தேதி, நேரம், தொகை, வங்கியில் பதிந்த புகார் எண், அவர்கள் தந்த பதில் ஆகியவை இந்த வரிசையிலேயே இருக்கட்டும். சீட்டின் படத்தையும் பாஸ்புக்கின் அந்தப் பக்கத்தின் நகலையும் இணைத்து, தபால் அலுவலகத்தில் விரைவுத் தபாலாக (ஸ்பீட் போஸ்ட்) கொடுத்து, அந்த ரசீதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.